ஸ்டூல் மேல் போட்ட அட்டை

அந்த வருடம் கம்பெனியில் கொடுத்த புதுக் கோட்டில் எனக்கு வயிற்றுப் பக்கம் பட்டன் மாட்டவில்லை. ஸ்டோரில் இருந்தவன், "இருக்கறதுலயே பெரிய சைஸ் இதாங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டான். கோட்டைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு லைனுக்குப் போனேன்.

ஒரகடத்தில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிற கம்பெனி எங்களுடையது. செயற்கைத் தோலில் ஊசி இறங்கும்போது எரிந்த பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த ஒரு வாடை எழும். பல வருடம் அந்த வாடை எனக்குத் தெரியவே இல்லை. மாதவிலக்கு தாறுமாறாகி, ஒரு மாதம் வராமல் அடுத்த மாதம் இரண்டு முறை வர ஆரம்பித்த பிறகு, அது தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. திடீரென்று கழுத்திலிருந்து அனல் ஏறும். காது கொதிக்கும். மண்டையிலிருந்து வியர்வை ஊற்றி, சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அந்த ஈரமே குளிரும். கையைத் தூக்கினால் என் வாடை எனக்கே சகிக்காது. சாப்பாட்டைக் குறைத்தும் இடுப்பு பெருத்துக்கொண்டே போனது. வீட்டில் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னா, நாளுக்கு நாள் மூட்ட மாதிரி ஆயினு வர்ற?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி குழம்புக்குத் தட்டை நீட்டுவார்.

லைன் சூப்பர்வைசருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு நாள் என் மிஷின் பக்கம் வந்து நின்று, மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா, குளிச்சிட்டுதான வர்றீங்க?" என்றான். லைனில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் பெண்கள்தான்.

எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. இடது பக்கம் இருந்தவள் எங்கள் ஊர்க்காரி. வாலாஜாபாத் போகிற வழியில் எங்கள் ஊர். ஒரே தெரு, ஒரே கம்பெனி பஸ். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வலது பக்கம் தென்காசிக்காரி. மகனுக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்ததும் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, எங்கள் ஊரிலேயே அவனோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். அன்றைக்கு டீ இடைவேளையில் அவள் என் தோளில் கை வைத்து, "எனக்கும் இப்படித்தான் கொதிக்கி. நீங்க ஒண்ணும் மனசுல வைக்காதீய" என்றாள். அக்கா இன்னும் ஒருபடி மேலே போய், "அவன் அம்மாவுக்கு வேர்க்காதா? அங்க போயி மோந்து பாக்கச் சொல்லு" என்றாள். அதற்கு முன் அந்தப் பேச்சை நாங்கள் யாரும் யாரிடமும் எடுத்ததில்லை. அன்று முதல் எடுத்தோம். பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், கை கழுவுகிற இடத்தில், எல்லாவற்றையும் பேசினோம்.

எடை குறைக்கிற கிளப்புக்கு எங்களைக் கூட்டிப்போனது அக்காதான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி அறை. சுவர் முழுக்க வயிறுகளின் படங்கள். முகத்தை வெட்டிவிட்டு வயிற்றை மட்டும் ஒட்டியிருந்தார்கள், தொங்கும் வயிறு ஒன்று, பக்கத்தில் தட்டையான வயிறு ஒன்று. கறிக்கடை ஞாபகம் வந்தது எனக்கு. அறை நடுவில் எடை மிஷின். ஒவ்வொருத்தியாக ஏற வேண்டும். குறைந்திருந்தால் எல்லோரும் கை தட்ட வேண்டும். கூடியிருந்தால் நடத்துகிற அம்மாள், "பரவால்ல மேடம், நெக்ஸ்ட் வீக்!" என்று கூவுவாள். அப்படிப் பரவாயில்லை சொல்வதற்குப் பதில் எங்களை அறைந்திருக்கலாம். பிறகு பவுடர் கலக்கிக் கொடுப்பாள். வெனிலா வாசனை பூசிய சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். நாக்கின் மேல் மாவு படிந்து, அடுத்த நாள் பல் தேய்க்கிற வரைக்கும் போகாது.

அக்காவுக்கு மட்டும் எடை இறங்கிக்கொண்டே வந்தது. காலையிலும் ராத்திரியிலும் பவுடர், நடுவில் கேன்டீன் இட்லி ஒன்று. அவள் மிஷினில் ஏறினாலே கைதட்டல்தான். ஒருநாள் படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு நிக்கவே மாட்டேங்குது. வாரக்கணக்கா போயினே கீது. பேடு பத்தல, மேல துணி மடிச்சி வெச்சிக்கினு வரேன்."

"ஆஸ்பத்திரிக்கு வாக்கா, போலாம்."

"இந்தம்மாகிட்ட கேட்டேன். எல்லாம் கொழுப்புதானாம். கொழுப்பு கரைஞ்சா தானா நின்னுடுமாம். இன்னும் ஒரு டப்பா குடிச்சிப் பாக்கறேன்."

நானும் தென்காசிக்காரியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். அவள் கேட்கவில்லை. வீட்டில் அவளுடைய கணவர் பேசுகிற பேச்சு அப்படி. இளைத்துக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்துவிட்டது.

எங்கள் லைனில் கழிவறைக்குப் போக ஒரு பாஸ் உண்டு. நாடாவில் கோத்த பிளாஸ்டிக் அட்டை, மொத்த லைனுக்கும் ஒன்றே ஒன்று. அதை சூப்பர்வைசர் கழுத்தில் மாட்டியிருப்பான். ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். ஒரு நாள் அவசர லோடு. அக்கா கையைத் தூக்கினாள். "டார்கெட் முடிச்சிட்டுப் போங்கக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினாள். பார்க்காத மாதிரி போனான். மூன்றாவது முறை தூக்கியபோது வந்து அவள் ஸ்டூலைப் பார்த்தான். ஸ்டூல் நனைந்திருந்தது.

அவன் பேக்கிங் பக்கம் போய்ப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தான்.

"இதப் போட்டு உக்காருங்க. சீட் கவர்ல பட்டுச்சின்னா ரிஜெக்ட் ஆயிடும்."

அக்கா எழுந்தாள். அட்டையை ஸ்டூலில் போட்டாள். மறுபடி உட்கார்ந்து தைத்தாள். நான் எழுந்து அவனைக் கேட்பதற்குள், அக்காவின் நெற்றி மிஷின் மேசையில் 'டங்' என்று இடித்தது.

தென்காசிக்காரிதான் முதலில் பாய்ந்தாள். மிஷினை அணைத்து, அக்காவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "யக்கா! ஏ யக்கா! கண்ணத் தொறந்து பாருங்க!" என்று கன்னத்தைத் தட்டினாள். ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கிருந்துதான் வந்தார்களோ, லைன் பெண்கள் சுற்றி நின்று கோட்டுகளைக் கழற்றி விரித்துப் பிடித்தார்கள். என் கோட்டை அவள் இடுப்பில் சுற்றினேன். கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனதும், தென்காசிக்காரி தரையில் மண்டியிட்டு அக்காவின் கால்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ரத்தம் கட்டி கட்டியாக இருந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, "ஒண்ணுமில்ல, இந்தா ஆயிரிச்சி" என்று சொல்லிக்கொண்டே கழுவினாள். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் அருவருப்பு வரவில்லை.

கம்பெனி வண்டியில் அக்காவை ஏற்றி, துணைக்குத் தென்காசிக்காரியையும் சேர்த்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திரும்பி லைனுக்கு வந்தேன். ஸ்டூல் மேல் அந்த அட்டை அப்படியே கிடந்தது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து, "யாராச்சும் அத எடுத்துப் போடுங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

எடுத்தேன். நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போய், அந்த மேடத்தின் மேசையில் லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் பின்னால் லைனே வந்து நின்றது. மிஷின்களை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

மேடம் நாற்காலியோடு பின்னால் போனாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இன்னாங்க இது? மொதல்ல எடுங்க!" என்றாள்.

"எடுக்க மாட்டேன் மேடம். இதும்மேல குந்திக்கினுதான் ஒருத்தி இவ்ளோ நேரம் உங்க சீட்ட தெச்சா. கேட்டு கேட்டுப் பாத்தா, பாத்ரூம் பாஸ் குடுக்கல."

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவன் கொஞ்சமும் தடுமாறாமல், "நான் ஹெல்ப்தான் மேடம் பண்ணேன்" என்றான். அதை அவன் முழுசாக நம்பித்தான் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மேனேஜர் வந்தார். மேசையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "லேடீஸ் விஷயத்த இப்படியா அசிங்கமா கொண்டாந்து வெப்பாங்க? கொஞ்சம் டீசன்ட்டா பேசலாமே" என்றார்.

"அசிங்கமா கீதுல்ல சார்? அப்ப அந்தப் பாஸ எடுத்துடுங்க. அதுக்கப்புறம் டீசன்ட்டாவே பேசறோம்."

பின்னால் நின்றவர்கள் நகரவில்லை. லோடு போயாக வேண்டும். அவர் வாட்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் சூப்பர்வைசரின் கழுத்தைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார். அந்த மாதமே அவனை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எங்கள் மூன்று பேரையும்கூட ஆளுக்கொரு லைனாகப் பிரித்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் பெரிய கட்டி இருந்தது. பெண் டாக்டர், "இது ரொம்ப நாளா இருந்திருக்கு. நிக்கற வயசுன்னா இப்படித்தான் போகும்னு யாரும்மா சொன்னது?" என்று எங்களையும் சேர்த்துத் திட்டினார். சதையெடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தபோது, தென்காசிக்காரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். கொஞ்சம் தேறிய பிறகு கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாங்கள் ஷிப்ட் மாற்றி மாற்றிக் கூட இருந்தோம்.

அக்காவின் கணவர் ஒரு முறை வந்தார். கட்டில் ஓரம் நின்று, "எப்ப வூட்டுக்கு வருவ? சோறாக்க ஆளில்ல" என்றார்.

தென்காசிக்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "ஏண்ணே, வீட்ல அரிசிப்பானை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? சொல்லித் தாரோம்" என்றாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போய்விட்டார்.

அதைவிடக் கேவலம் ஒன்று மிச்சமிருந்தது. கிளப் நடத்துகிற அம்மாள் வந்தாள். கையில் புது டப்பா. அக்காவின் ஒட்டிப்போன கன்னத்தையும் குச்சிக் கையையும் பார்த்து, "வாவ் மேடம், எவ்ளோ ஸ்லிம் ஆயிட்டீங்க! ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன், நம்ம கிளப்புக்கு" என்று போனைத் தூக்கினாள். நான் போனின் மேல் கையை வைத்து மறைத்தேன். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழிவறைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பவுடர் கரையவில்லை. நுரைத்துப் பொங்கி, மஞ்சள் களியாகத் தொட்டியை அடைத்துக்கொண்டு நின்றது. இதைத்தான் இத்தனை நாள் குடித்தோம். நான் திரும்பி வருவதற்குள் அந்த அம்மாள் படியிறங்கியிருந்தாள். தொட்டியைக் குச்சி விட்டுக் குத்தி நான்தான் சுத்தம் செய்தேன்.

எனக்கு வருகிற அனல் சில வருடம் இருக்கும், போய்விடும் என்று அதே டாக்டர் சொன்னார். முட்டையும் பயறும் சாப்பிடு, தினமும் நட, சர்க்கரை பார்த்துக்கொள் என்றார். நடக்க எங்களுக்கு ஊர் ஏரிக்கரையை விட்டால் வேறு இடமில்லை. அது நாறும். ஏதோ கம்பெனிக் கழிவு கலந்து மதகுப் பக்கம் நுரை மிதக்கும். கரையோரம் பிளாஸ்டிக், டயப்பர், கோழி இறகு. பைக்கில் போகிறவர்கள், "ஆன்ட்டி, ஸ்பீடா!" என்று கத்துவார்கள். முதலில் நானும் தென்காசிக்காரியும் நடந்தோம். தையல் ஆறி டாக்டர் சரியென்று சொன்ன பிறகு அக்காவும் சேர்ந்துகொண்டாள். அவள் வேகத்துக்குத்தான் நடப்போம். எனக்கு அனல் ஏறினால் மூவரும் நின்றுவிடுவோம். அக்கா துப்பட்டாவால் விசிறுவாள். என் எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, கை தட்டுவதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கரையில் போகும்போது ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஒருவன் கோழிக்கழிவு மூட்டைகளை இறக்கி ஏரிப் பக்கம் உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா நேராகப் போய் ஆட்டோ முன்னால் நின்றாள்.

"இன்னாயா இது? உன் வூட்டாண்ட கொட்றதுதான?"

"எல்லாரும் இங்கதான்மா கொட்றாங்க. நவுருங்க."

"நவுர மாட்டோம். ஏத்து."

தென்காசிக்காரி சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். நான் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்தேன். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தான், பிறகு கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒழுகுகிற மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் போட்டான். ஒரு மூட்டை கிழிந்து அவன் சட்டையெல்லாம் வழிந்தது. அக்கா தையல் போட்ட வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஐயோ சிரிக்க வெக்காதீங்கடி, வலிக்குது" என்று சிரித்தாள். கடைசி மூட்டை ஏறியதும் சாவியைக் கொடுத்துவிட்டு, மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மிச்சக் கரையையும் நடந்தோம்.