விரலை எடுத்தால் நிற்கும் கூரை

கலியாண மாப்பிள்ளையின் தமையன் கொழும்பிலிருந்து அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவந்து எங்கள் தலைமன்னார் வீட்டு வாசலில் நிறுத்தியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டே இருக்கை. மேலே கூரை இல்லை. மன்னார்க் காற்றும் மணலும் தெரிந்த எவனாவது இப்படி ஒன்றை இங்கே கொண்டுவருவானா? நான் வான் ஓட்டிப் பிழைக்கிறவன். வாகனமென்றால் ஆளும் சாமானும் ஏற வேண்டும் எனக்கு.

அவர் விளக்கம் சொல்லச் சொல்ல என் எரிச்சல் அடங்கியது. முந்தின காலத்துத் திறந்த கார்களில் இரண்டு பேர் நின்று துணிக் கூரையை இழுத்து மாட்ட வேண்டுமாம். அப்படியும் மழை ஒழுகுமாம். கூரையை எடுத்துவிட்டால் காரின் உடம்பு நெளியும் என்பதால் இதில் அடித்தட்டைப் பலப்படுத்தியிருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், பின்னாலிருந்து தடித்த கூரை எழுந்து வந்து முன்கண்ணாடி விளிம்பில் கச்சிதமாகப் பொருந்துகிறது. விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கிறது; மறுபக்கம் அழுத்தினால் திரும்பப் பின்னால் மடிகிறது. சும்மா சொல்லக்கூடாது, செய்தவன் கெட்டிக்காரன்.

மணப்பெண் என் அக்காவின் மகள். அவளைக் கோயிலுக்கு ஏற்றிப் போகத்தான் கார் வந்தது. வீட்டிலோ வேறு பிரச்சினை. சின்ன வயதில் நாங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடியபோது, நேவி கண்டுவிடும் என்று எங்களை ஒரு தார்ப்பாய்ப் படங்கால் மூடி, அதன் விளிம்பில் ஆட்கள் ஏறிக் குந்திக்கொண்டார்கள். அக்கா மூச்சுத் திணறித் தள்ளத் தள்ள அது திறக்கவில்லை. அன்றிலிருந்து தலைக்கு மேல் மூடிய எந்த வாகனத்திலும் அவள் ஏறமாட்டாள். பஸ், ஆட்டோ, என் வான், எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போய்வருவாள். முழங்கால் வருத்தம் அதையும் நிறுத்திவிட்டது. கலியாணமோ மன்னார்த் தீவைத் தாண்டி நறுவிலிக்குளத்தில்.

"நீங்க போட்டு வாங்கோ. நான் வீட்டில செபமாலை சொல்றன்" என்றாள். பெற்ற மகளின் கலியாணத்துக்கு! எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மகள் காரைப் பார்த்தாள். "மாமா, அம்மா இதில வரட்டும். நான் வானில போறன்."

"விசரே பிள்ளை? கார் உனக்கெல்லோ வந்தது!"

"அம்மா வராட்டி நான் கோயிலுக்குள்ள போகமாட்டன்."

மாப்பிள்ளையின் தமையன் சிரித்துக்கொண்டே கார்த் திறப்பை என்னிடம் தந்துவிட்டு, மணப்பெண்ணை என் வானில் ஏற்றிக்கொண்டு முன்னே போனார்.

ஐயோ, அந்த ஓட்டம்! கால் மெல்லத் தொட்டாலே பாய்கிறது. முன்கண்ணாடி காற்றைத் தலைக்கு மேலால் அனுப்பிவிட, அக்காவின் கொண்டைப் பூக்கூட அசையவில்லை. காலை நீட்டி ராணி மாதிரி இருந்தாள். தோட்டவெளிக் கிராமத்தில் பெண்கள் இவள்தான் கலியாணப் பொம்பிளை என்று கையசைக்க, இவளும் அசைத்தாள். "அக்கா, மாப்பிள்ளை ஆரெண்டு கேக்கப்போகினம்" என்றேன். தோளில் ஓர் அடி விழுந்தது.

பாலம் தாண்டியதும் மழை பிடித்தது. வீதிக்கரையில் நிறுத்தினேன். பொத்தானுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"பரவாயில்லை அக்கா, நனைவம்."

அவள் தன் பட்டுச் சீலையைப் பார்த்தாள். "விரலை எடுத்தா நிக்குமெண்டு கார் கொண்டந்த தம்பி சொன்னது மெய்யே?"

"ஓம்."

"அப்ப நான் அமத்திறன். நீ கை வையாதை."

கூரை பாதி வந்தது. விரலை எடுத்தாள், நின்றது. திரும்பத் திறந்தாள். மறுபடி பாதி. மடியில் மழை விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை அழுத்தினாள். உள்ளே இருட்டியது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஓட்டு" என்றாள்.

நறுவிலிக்குளம் போய்ச் சேர மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் நின்ற மகள், மூடிய கூரையைக் கண்டதும் கையிலிருந்த பூச்செண்டைத் தாழ்த்தினாள்.

"அம்மா வரேல்லையா மாமா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

நான் கண்ணாடியை இறக்குவதற்குள் கூரை எழுந்து பின்னால் போனது.

"இஞ்சதான்டி இருக்கிறன்" என்றாள் அக்கா, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே.