நடந்து மெலிந்தவள் நானல்ல

நான் நடந்து மெலியவில்லை. முதலில் ஊசியால் மெலிந்தேன். பிறகு குளிசையால் மெலிந்தேன். அதை மறைக்கச் சொன்ன பொய்யால் ஜெசிந்தாவின் வலக்கை வெந்துபோனது... இதுதான் என் குற்றம்!

மன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? வீதியில் வழிமறித்து, "எப்பிடி இவ்வளவு மெலிஞ்சனீங்கள்?" என்று வாய்பிளந்தவர்களில் நீங்களும் ஒருவர்தானே!

திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். "நங்கூரம் என்னத்துக்கு, எங்கட அக்காவை இறக்கினாப் போதும்" என்று அங்கே ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்! அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மூச்சு வாங்கியது. முழங்கால் வலித்தது. வைத்தியரிடம் போனேன். வாரத்துக்கு ஓர் ஊசி, வயிற்றில் நானே போட்டுக்கொள்வது. சில வாரங்களில் பசி அடங்கியது. சில மாதங்களில் சட்டைகள் தொளதொளத்தன. ஊர் கேட்டது. "பின்னேரத்தில கடற்கரையில நடக்கிறன்" என்றேன். நடந்தது உண்மை. அதனால் மெலிந்தேன் என்பது பொய்.

பிரஷர் குளிசையை எல்லோருக்கும் முன்னால்தான் விழுங்குகிறேன். அதில் வராத வெட்கம் இதில் ஏன் வந்தது? மருந்து என்று சொன்னால் பாராட்டு மருந்துக்குப் போய்விடும்... அதுதான்! வேறு காரணம் தேடாதீர்கள்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்திருந்த மச்சாள், கணவரின் தங்கை, பட்டர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். ஊசியோடு திரும்பினாள்.

"மச்சாள், இதென்ன? உங்களுக்குச் சீனி வருத்தமே?"

"ஓம்... கொஞ்சம்" என்றேன். இல்லாத நோயைக்கூட ஏற்றுக்கொண்டேன், பாருங்கள்!

அடுத்த கிழமையே வைத்தியரிடம் ஓடினேன். பெட்டியில் வைக்கத் தேவையில்லாத, கைப்பைக்குள் ஒளிக்கக்கூடிய ஒன்று வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அவர் ஏன் என்று கேட்டார். ஊசி குத்தப் பயம் என்றேன். அவரிடமும் பொய்.

"குளிசைக்கு மாத்தலாம். ஆனா காலமை எழும்பின உடன, வெறும் வயித்தில, ரெண்டு மூண்டு மிடறு தண்ணியோட எடுக்கோணும். பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒண்டும் சாப்பிடக் குடிக்கக் கூடாது" என்றார் அவர்.

ஜெசிந்தா பாலையூற்றில் எனக்குப் பக்கத்து வீடு. என்னைவிட இளையவள், இரண்டு பிள்ளைகளின் தாய், பருத்த உடம்பு. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவள். என்னைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்தது. விடியக்காலையில் நடப்போம் என்று என்னைக் கூப்பிட வரத் தொடங்கினாள். குசினி வாசலில் நின்று, நான் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்ப்பதைத் தினமும் கண்டாள். குளிசையை மட்டும் காணவில்லை. அவள் படலையைத் திறக்குமுன்பே அது என் நாக்கின் மேல் இருக்கும்.

"அக்கா, இவ்வளவு தண்ணிதானோ? தேத்தண்ணிகூட இல்லையோ? இதுதானோ ரகசியம்?"

ஒரு சொல் போதுமாயிருந்தது. மருந்து என்ற ஒரேயொரு சொல்!

"ஓம். வயிறு காய்ஞ்சாத்தான் உடம்பு கரையும். மனக்கட்டுப்பாடு வேணும், ஜெசிந்தா" என்றேன்.

மனக்கட்டுப்பாடு... த்தூ!

அவள் காலைச் சாப்பாட்டை விட்டாள். சீனிக் குளிசையை விடவில்லை. சாப்பிடாமல் அதைப் போட்டால் ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நடக்கும்போது அவள் கை நடுங்கியது, நெற்றி குளிர்ந்து வியர்த்தது. "என்னவோ செய்யுதக்கா" என்றாள். "கொழுப்புக் கரையுது" என்றேன். எங்கிருந்து வந்தது எனக்கு அந்தத் துணிவு?

பிறகொரு காலை அவள் வரவில்லை. பிள்ளைகளின் அலறல்தான் வந்தது. பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குக் கட்டிக் கொடுக்கச் சோறு வடித்தவள், பானையோடு மயங்கி விழுந்திருந்தாள். கொதிகஞ்சி வலக்கையிலும் நெஞ்சிலும் கொட்டியிருந்தது. வீடு முழுவதற்கும் சமைத்தவள் வயிற்றில் ஒரு பருக்கை இல்லை!

ஆஸ்பத்திரி விடுதியில் வேறொரு வைத்தியர் கேட்டார்: "ஏனம்மா சாப்பிடாமல் இருந்தனீங்கள்?"

"அக்கா மாதிரி மெலியத்தான் டொக்டர்..."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களோ சொன்னது?"

என் மடியில் கைப்பை. பைக்குள் குளிசை அட்டை. நான் சொன்னதைக் கேளுங்கள்: "நான் அளவாத்தான் சொன்னனான் டொக்டர். இவதான் அவசரப்பட்டவ."

வெந்த உடம்போடு கிடந்தவள் தலையை ஆட்டினாள். "ஓம் டொக்டர். பிழை என்ரதான்."

என்னை நீங்கள் ஏசலாம். உங்களைவிட மோசமாக நான் ஏசிவிட்டேன். ஏசினால் அந்தக் கைத்தோல் திரும்பி வருமா? நங்கூரம் என்றவனை நொந்தேன், அதிசயித்த ஊரை நொந்தேன், வழிமறித்த உங்களை நொந்தேன்... அந்த விடுதியில் அவர்கள் யாரும் இருக்கவில்லை. நான்தான் இருந்தேன். என் வாய்தான் திறந்தது.

வீடு திரும்பிய அவளைப் பார்க்க நேற்றுப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன், நம்புங்கள். கதிரையில் அமர்ந்து இடக்கையால் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலக்கை விரல்கள் ஒட்டிச் சுருங்கியிருந்தன. என்னைக் கண்டதும் பதறிப்போய்த் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடினாள். என்னிடமிருந்து... சாப்பாட்டை ஒளித்தாள்!

"இண்டைக்கு மட்டும்தான் அக்கா. உங்களை மாதிரி என்னால ஏலாது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை."

சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணில் என்மேல் இருந்த மதிப்பைக் கண்டேன். அதை இழக்க மனம் வரவில்லை...

"பரவாயில்லை, இண்டைக்குச் சாப்பிடு. சுகமானாப் பிறகு பாப்பம்" என்றேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.