இரட்டைப் பக்கத்தில் வேறு பெயர்

அந்தப் பிரிண்ட் கடையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹெட்டர் அக்கா, அவ்வளவுதான். பக்க எண் பாதியில் மறுபடி ஒன்றென்று தொடங்கினாலும், அட்டைப் பக்கத்தின் உச்சியில் வரக்கூடாத தலைப்பு, அதாவது ஹெட்டர், வந்து உட்கார்ந்தாலும், அவளிடம்தான் ஓடி வருவார்கள். முறைப்பாள், திட்டுவாள், இரண்டு நிமிஷத்தில் சரிசெய்தும் கொடுப்பாள். ஒரே ஒரு கெட்ட பழக்கம், காலிப் பக்கத்தில் எதையும் தொடங்க மாட்டாள். யாருடைய பழைய ஃபைலையாவது திறந்து, உள்ளே இருப்பதை வழித்துப் போட்டுவிட்டு அதில் அடிப்பாள். ஓரம், எழுத்தளவு எல்லாம் தயாராக இருக்குமே!

தங்கை குடும்பத்தின் வசிப்பு மனுவையும் அப்படித்தான் அடித்தாள். முப்பத்தெட்டுப் பக்கம். இன்று மூன்று மணிக்குள் அது கவுன்ட்டருக்குள் போகாவிட்டால், தங்கை, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இரண்டு இருபதுக்கு மனு வாங்கும் அலுவலகத்திலிருந்து தங்கை புருஷன் கூப்பிட்டார்.

"அக்கா, முதல் பக்கத்துல மேல என் பேரு இருக்கு. ரெண்டாம் பக்கத்துல யாரோ ஒரு அம்மா பேரு."

"மூணாம் பக்கம்?"

"நான்தான்."

"நாலு?"

"மறுபடி அந்த அம்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைப் பக்கத்துக்கு ஒரு தலைப்பு, இரட்டைப் பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்த ஃபைல் அது. போன மாதம் வந்த, முடிவெட்டும் அம்மாவுடையது. இவள் மாற்றியது ஒற்றையை மட்டும். முதல் பக்கத்தைப் பார்த்த கையோடு அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள்.

தங்கை போனைப் பிடுங்கினாள். "பத்தொம்பது பக்கத்துக்கு என் புருஷனை எவளுக்கோ எழுதி வச்சிட்டியேடி அக்கா!" சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

இவள் ஃபைலைத் திறந்து, 'ஒற்றை, இரட்டைக்குத் தனித்தனி' என்ற கட்டத்திலிருந்த ஒரே ஒரு டிக்கை எடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பத்தொன்பது பக்கமும் சரியாகிவிட்டன.

"மெயில்ல அனுப்பிட்டேன் மாப்பிள்ளை. பக்கத்துல பிரிண்ட் எடுக்க முடியுமா?"

"தெருமுனையில கடை இருக்கு. ஆனா வெளிய போனா போனதுதான். ரெண்டு மணிக்கு மேல உள்ள விடமாட்டாங்க."

இவளே கொண்டு ஓடலாமென்றால் ரயிலில் இரண்டு மணி நேரம்.

"பேனாவால அடிச்சு என் பேரை எழுதட்டுமாக்கா?"

பேனா பட்ட தாள் திரும்பி வரும் என்று தினமும் பத்துப் பேரிடம் கத்துகிறவள் அவள்.

"அடிங்க. ஒரே கோடா அடிங்க, கிறுக்காதீங்க. ஓரத்துல கையெழுத்துப் போடுங்க."

போனில் பேனா உரசும் சத்தம் கேட்டது. தங்கை தாளைப் புரட்டிக்கொண்டே பக்க எண்ணைச் சொன்னாள், எட்டு, பத்து, பன்னிரண்டு.

"அக்கா, நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க!"

"இன்னும் பதிமூணு பக்கம் இருக்கேடி!"

அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

திரையில் முப்பத்தெட்டுப் பக்கமும் ஒரு குறையில்லாமல் நின்றன. யாருக்கு என்ன பிரயோஜனம்? மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்று பத்துக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"வாங்கிக்கிட்டாங்க. ஆனா மேல சிவப்பு மையில 'பெயர்க் குழப்பம்'னு எழுதிட்டாங்க. அது நல்லதாக்கா, கெட்டதா?"

நல்லதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"தெரியலடி" என்றாள்.