ராபின்சன் அத்தானின் ஒரு வாய் வைன்

ராபின்சன் அத்தான் எங்கும் ஒழுங்காக உட்காரமாட்டார். ஊரார் உட்காரும் நாற்காலிகளுக்கெல்லாம் பஞ்சு வைத்துத் தைப்பது அவர் தொழில்; தன்னை மட்டும் ஓரிடத்தில் இருத்திவைக்கத் தெரியாது. குடியை விட்ட பிறகு இன்னும் மோசம். காலை ஆட்டுவார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வந்து கையிலிருக்கும் கத்தரிக்கோலையே தேடுவார். பாறசாலையில் அவர் கடையில் துணி வெட்டுகிறவன் நான். அவர் மனைவி ரெஜிலா என் அக்கா. அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கே கால் ஆடத் தொடங்கியிருந்தது.

குடித்த காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் கிடப்பவரை அக்காவும் நானும் தாங்கிப்பிடித்துக் கூட்டி வருவோம். சபையில் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார்கள். கேரளத்தில் சாராயக்கடைகளை மூடுவதற்கு முன்பே அத்தான் தானாக விட்டுவிட்டார். சபையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எங்கள் கோயிலில் திருவிருந்தின்போது எல்லாருக்கும் ஒரே கிண்ணம். வரிசையாக முழங்காலிட்டு, ஒரு வாய் எடுத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். அந்தத் திராட்சைச் சாற்றை அத்தான் வாங்கும்போதுகூட நான் கண்ணை மூடமாட்டேன். இன்றைக்கு விழுவார், நாளைக்கு விழுவார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூற்றேழில் கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டல் தன் ரெஸ்டாரண்டைப் புதுப்பித்தது. நாற்காலிகள் முழுக்க எங்கள் வேலை. மகாராஷ்டிராவிலிருந்து ஒரு வைன் கம்பெனி அங்கே விருந்து வைத்தபோது, ஹோட்டல் மானேஜர் மோகனன் கடைக்கே வந்து அழைத்தார்.

“ராபின்சா, கசேர உண்டாக்கியவர் தன்னே ஆத்யம் இரிக்கணம். குடும்பத்தோடெ வரணம், கேட்டோ.”

நாற்காலி செய்தவர்கள்தான் முதலில் உட்கார வேண்டுமாம். அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவின் முகம் இருண்டுவிட்டது.

“வைன் குடிக்கிற எடத்துக்கா? வேண்டாம் கேட்டியளா. ஒரு துள்ளி நாக்குல பட்டா பின்ன நாங்க எங்க போய் நிக்க?”

“என்னய ஒருத்தன் விருந்துக்கு விளிச்சது இது முதல் தடவையாக்கும். நான் தைச்ச கசேரயில ஆளுவ இருக்கதப் பாக்கணும் ரெஜிலா. பாத்துட்டு வாறேன்.”

“அப்ப நானும் வாறேன். ஈசாக்கும் வரட்டு.”

ஈசாக் நான்தான். ஆக, காவலுக்கு இரண்டு பேர். காஞ்சிரங்குளம் வழியாகப் போகும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அத்தான் கம்பியைப் பிடித்தே நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பயம் இருக்கிற மனிதன் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதானே!

ரெஸ்டாரண்டில் எங்கள் மேசையில் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடிக் கிளாஸ், மடித்த வெள்ளைத் துணி. சுவரோரம் வரிசையாகப் பாட்டில்கள். அத்தான் நாற்காலியின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மேசைக்கடியில் அவர் கால் ஆடிய ஆட்டத்தில் கரண்டிகள் சத்தம் போட்டன.

சிவப்பு வைனோடு பரிமாறும் பையன் வந்தான். மேசைக்கு ஒருவர் கொஞ்சம் ருசி பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்களாம். தூரத்திலிருந்து மோகனன் பெருமையாகக் கையைக் காட்ட, பையன் அத்தானின் கிளாஸில் ஊற்றிவிட்டான். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

அத்தான் தலையைக் குனிந்தார். ஒரு வாய் எடுத்தார். வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். கிளாஸை அக்காவிடம் நீட்டினார்.

அக்காவும் தலை குனிந்து வாங்கி, உதட்டை நனைத்து, துடைத்து என்னிடம் தந்தாள். நானாவது யோசித்திருக்க வேண்டாமா? நானும் அப்படியே செய்து டாக்டரின் மனைவியிடம் கொடுத்தேன். அந்த அம்மா திகைத்துப் போய் அதைத் தன் பக்கம் வைத்தார். டாக்டர் சிரித்தேவிட்டார். இது கோயில் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பையன் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தான். அக்கா தன் கிளாஸைக் கையால் மூடினாள், நானும் மூடினேன். அத்தானின் முன்னால் மூடுவதற்குக் கிளாஸே இல்லை.

“சாருக்கு வேற கிளாஸ் கொண்டு வரட்டா?”

அத்தானின் கண் பாட்டிலின் கழுத்தில் நின்றது. நாக்கு உதட்டை ஒரு முறை தடவியது. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. சாராயக்கடை பெஞ்சில்தான் அவர் அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்திருக்கிறேன். “அத்தானுக்கு வேண்டாம்” என்று கத்த வாயெடுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் மக்கா,” என்றார் அத்தான். மேசையில் எல்லாருக்கும் கேட்டது. “நான் பெரிய குடிகாரனாக்கும். எனக்க பங்கு மொத்தத்தையும் முன்னமே குடிச்சுத் தீத்தாச்சு.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. பையன் பாட்டிலோடு அடுத்த மேசைக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கரண்டிகள் மறுபடி சத்தம் போடத் தொடங்கின. அத்தானின் கால் ஆடிக்கொண்டிருந்தது. முதல்முறையாக அந்தச் சத்தம் எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டரின் மனைவி தன் கிளாஸ் சாயாமல் பிடித்துக்கொண்டார். அக்கா மீனில் முள்ளெடுத்து அத்தானின் தட்டில் வைத்தாள்.