படகில் எழுந்து நின்றோம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கையில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கைக்குழந்தை ஒன்று.

தோட்டத்துக் குளத்தில், பழைய வெள்ளைக்காரத் துரை மீன் பிடிக்க வைத்திருந்த படகு ஒன்று சும்மா கிடந்தது. தீபாவளிக்கு மறுநாள் வேலையில்லை. ஃபேக்டரியில் எஞ்சின் ஓட்டுகிறவர் பெரிய கிளாக்கரிடம் கேட்டுக்கொண்டு, லயத்து வீடுகளில் இருந்த எங்களைப் போன்ற ஆட்களைப் படகில் சுற்றிக் காட்ட வந்தார். நான், குழந்தை, என் வீட்டுக்காரர், கொழுந்தன், நாத்தனார் ஏறிக்கொண்டோம். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. மலையில் பிறந்தவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

படகின் எஞ்சின் தையல் மெஷின் அளவுதான். சத்தமும் அப்படித்தான். கரையில் நடந்தவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"எறங்கித் தள்ளணுமாண்ணே?"

"இதுக்கு இருக்குற தெம்பு அவ்வளவுதான் தம்பி. கூட இருந்தாலும் நான் முறுக்க மாட்டேன். நாம என்ன காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கா போறோம்? ஒக்காந்து தண்ணியப் பாருங்க."

எனக்கு அந்த மெதுவான ஓட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. முதுகில் கூடை இல்லாமல், சும்மா உட்கார்ந்து, கீழேயிருந்து தேயிலை மலையைப் பார்த்தது அன்றுதான். குழந்தை மடியில் தூங்கிவிட்டான்.

குளத்தின் நடுவில் படகைத் திருப்பும்போது அணைக்கட்டின் மேல் ஜீப் வந்து நின்றது. அப்போது தோட்டத்தை நடத்திக்கொண்டிருந்த துரை இறங்கினார்.

"தொரை!" என்றான் கொழுந்தன்.

அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டோம். தோட்டத்தில் துரையைக் கண்டால் உட்கார்ந்திருக்கக் கூடாது, தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். நானும் குழந்தையோடு எழுந்தேன். படகு ஒரேயடியாகச் சாய்ந்தது. நான் விளிம்பில் போய் விழுந்தேன். குழந்தை கையிலிருந்து நழுவி இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டான். ஐயோ, பெற்றவளுக்குத்தான் தெரியும் அந்த நேரம்! அவன் சட்டையின் நுனி மட்டும் என் விரலில் இருந்தது.

"ஒக்காருங்க! எல்லாரும் ஒக்காருங்க! தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்!"

கத்திக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார் படகுக்காரர். ஊர்ந்துகொண்டிருந்த படகுதானே, அங்கேயே நின்றுவிட்டது. இப்படியும் அப்படியும் ஆடி நிமிர்ந்தது. வீட்டுக்காரர் குனிந்து பிள்ளையை அள்ளித் தூக்கினார். கொழுந்தன் கேட்ட வேகத்தில் போயிருந்தால் அந்தத் திருப்பத்திலேயே கவிழ்ந்திருப்போம். அந்தச் சட்டை நுனிகூட என் விரலில் நின்றிருக்காது!

பிள்ளை வீறிட்டு அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நாத்தனார் தன் சேலைத் தலைப்பால் அவனைச் சுற்றிக்கொண்டு, தானும் அழுதாள்.

துரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஜீப்பின் டயரைக் குனிந்து பார்த்தார், காலால் ஓர் உதை உதைத்தார், ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை இன்று பிள்ளை குட்டிக்காரன். அதற்குப் பிறகு நானும் எத்தனையோ தரம் படகில் போய்விட்டேன், தண்ணீரைக் கண்டு பயமில்லை. கையில் பிள்ளை, காலுக்குக் கீழே குளம் என்று தெரிந்தும், யாரையும் கேட்காமல் எழுந்து நின்ற என் கால்களை நினைத்தால்தான் இன்றும் உடம்பு நடுங்குகிறது.