கஞ்சி குடித்த பாத்தி

கிணற்றுக் கயிறு பனியில் நனைந்து கிடக்கும். விடிந்ததும் அதைப் பிடித்தால் உள்ளங்கை சில்லென்று விறைக்கும்... நாலைந்து வாளி இழுத்தபின் அதே கை எரியும். தை மாதம் என்றால் எனக்கு இன்றும் அந்தக் கயிறுதான்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக என் முதல் வேலை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் ஏகாம்பரம், அவர் மனைவி சரோஜா அக்கா. முன்னால் தறி, பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டி, இரண்டு கட்டில் போடும் அளவுக்குக் கொஞ்சம் மண். அதைத்தான் தோட்டம் என்று சொன்னோம்.

அந்த மண்ணுக்குத்தான் வீட்டில் சண்டை.

ஏகாம்பரத்துக்கு அங்கே கொட்டகை போட்டு இரண்டாவது தறி இறக்க வேண்டும். அக்காவுக்கு வெண்டையும் கொத்தவரையும் புடலையும் வேண்டும். பகலெல்லாம் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு, நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுகிறவர் அவர். இரண்டாவது தறி வந்தால் அதில் உட்காரப் போவதும் அவரேதான். தனக்கென்று அவர் நினைத்திருந்தது அந்த மண் ஒன்றைத்தான்.

மார்கழி முழுக்கப் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“சித்திரைக்குள்ள உன் தோட்டத்துக் காய் கொழம்புல வரட்டும், கொட்டாய் பேச்சையே எடுக்க மாட்டேன். வரலன்னா கடக்கால் தோண்டிடுவேன்.”

“கேட்டுக்கினீங்களா டீச்சர்? நீங்கதான் சாட்சி!”

பொங்கல் முடிந்ததும் நாங்கள் இருவரும் மண்ணைக் கொத்தினோம். மண்வெட்டி இறங்கும் இடமெல்லாம் உடைந்த ஓடு. பக்கத்துத் தெருவிலிருந்து எருவைக் கூடையில் சுமந்து வந்தோம். நான் நாளெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு வருவேன். அவர் தறியிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவார். மண்ணை நனைக்கத் தண்ணீர் இழுக்கும்போது, கிணற்றடியில் அக்காவிடமிருந்து தினமும் ஒரே கேள்வி.

“டீச்சர், இன்னிக்கி எந்தக் கை?”

எந்தக் கை வலிக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பெரும்பாலும் வலதுகை, கரும்பலகையில் எழுதும் கை. சொன்னதும் அந்தப் பக்கம் வந்து நின்று கயிற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்.

புடலைப் பந்தலுக்குக் கயிறு வாங்கவில்லை. தறியில் அறுந்து ஒதுங்கிய பட்டு நூலை முறுக்கிக் கட்டினோம். “கல்யாணப் பொண்ணு கூட இவ்ளோ மினுமினுப்பா நிக்காதும்மா” என்று சிரித்தார் அக்கா.

மாசியில் விதை போட்டோம். காத்திருந்தோம்...

ஒன்றும் வரவில்லை. தொட்டுப் பார்த்தால் மேல்மண் அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. பாத்தி முழுக்கச் சாரைசாரையாக எறும்பு. அக்கா ஒரு கட்டியை உடைத்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. நேராகத் தறிக்குப் போனார்.

“பாத்தியில கஞ்சி ஊத்தினது யாரு?”

தறியில் ஏற்றும் நீள நூலைப் பாவு என்பார்கள். அதற்கு அரிசிக் கஞ்சி தோய்த்து, தெருவில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். நூல் விறைப்பாக நிற்கும். மிஞ்சிய கஞ்சிதான் பாத்திக்குப் போயிருந்தது.

ஏகாம்பரம் நெய்வதை நிறுத்தினார். “நான்தான். இன்னா இப்போ?”

“கொட்டாய்க்காக இப்படியா பண்ணுவ? வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே உட்டுக் குடுத்திருப்பேனே!”

“ஐய, இன்னாமே பேசற? நீயும் டீச்சரம்மாவும் நாக்கு தள்ளித் தண்ணி இழுத்துக்கினு கீறீங்களேன்னுதான் ஊத்தினேன். நூலுக்கே தெம்பு குடுக்குது, வெதைக்குக் குடுக்காதா?”

அக்கா கையிலிருந்த மண்கட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “பாருங்க டீச்சர், பாவு தோய்க்கிறாப்பல பாத்தியத் தோய்ச்சி வெச்சிருக்குது இந்த மனுசன்!” சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மூக்கடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூச்சு இருக்கிறது, வழிதான் இல்லை. கஞ்சி காய்ந்து இறுகிய மண்ணுக்குள் எங்கள் விதைகளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. பின்னாளில் விதை முளைத்தல் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். பிள்ளைகள் மறந்ததே இல்லை.

பங்குனி வெயில் ஏறியது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. ஏகாம்பரம் தானாகவே வந்து சொன்னார், “இந்த வருசம் கொட்டாய் வேணாம், இன்னொரு தபா வெதை போட்டுப் பாரு.”

அக்கா வெறும் பாத்தியைப் பார்த்தார். “வேணாங்க. பேச்சுன்னா பேச்சுதான். திரும்பக் கொத்த ஒடம்புல தெம்பு இல்ல.”

சித்திரையில் கடக்கால் தோண்ட ஆட்கள் வந்தார்கள். அப்போதுதான் பார்த்தோம், கஞ்சி படாத மூலையில் ஒரே ஒரு புடலங்கொடி விரல் நீளத்துக்கு எழும்பியிருந்தது. ஏகாம்பரம் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

“செவுத்த இங்க மடக்கிக் கட்டுப்பா. செடி இருக்குது.”

நான் மாற்றலாகிப் போகும்வரை, மூலை கடித்த ரொட்டி மாதிரிதான் அந்தக் கொட்டகை நின்றது. கொடி கூரைமேல் ஏறிக் காய்த்தது. காய் நேராக வளர நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா, அதற்கு மட்டும் அக்கா புதுத் தறியிலிருந்து எழுந்து வருவார். முன்னைவிட மெதுவாக.

இப்போது எனக்கும் மொட்டை மாடியில் தோட்டம் இருக்கிறது. விதை பாக்கெட்டில் வருகிறது, மண் பையில் வருகிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கயிறு இல்லை, வாளி இல்லை. ஆனாலும் கை வலிக்கிறது, வயது அப்படி.

நேற்று வெண்டைக்கு மண் நிரப்பிய பையை வெயில் பக்கம் நகர்த்தப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டேன். வாய் தானாகச் சொன்னது... “இன்னிக்கி வலதுகை, அக்கா.”

வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு பையை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.