பெட்ரோலில் ஊறிய வளையம்

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் வளையம் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். மூக்கருகே கொண்டுபோனால் புகைப்புரையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டின் வாடை இன்றைக்கும் அடிக்கும். அதைத் தொடவே எனக்குப் பிடிக்காது. இத்தனைக்கும் அதை வெட்டியவன் நான்தான்.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். வளைகுடாவில் ஒரு விமானப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுக் குலசேகரத்துக்குத் திரும்பியவர், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஓர் ஆள் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். பறக்க அனுமதிக் காகிதம் வந்த வாரம் பார்த்து பெட்ரோல் மீட்டரின் முள் அடியிலேயே படுத்துவிட்டது. தொட்டியிலிருந்து வரும் வயரைக் கழற்றி உடம்புத் தகட்டில் தொடவைத்தார். முள் துள்ளி உச்சிக்குப் போனது. “மீட்டருக்கு ஒண்ணுமில்ல மக்கா, தொட்டிக்குள்ளதான் சூக்கேடு,” என்றார். தொட்டி மூடியைத் திறந்து, பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைக் கம்பியைத் துருப் போகத் தேய்த்தார். கழற்றியதில் மூடிக்கு அடியிலிருந்த கார்க் வாஷர் பொடிந்துபோனது. நாகர்கோவிலுக்குப் போய் ஒன்று வாங்கி வரச் சொன்னார்.

அன்று நல்ல மழை. எனக்குச் சோம்பல். சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருப்பவன் ஒரு வாஷருக்காகப் பஸ் ஏறுவதா என்ற திமிர் வேறு. என் ஷீட்டிலிருந்தே அளவாக வெட்டி, சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “கடைச் சாமானம்தானே?” என்று கேட்டார். “ஆமா அத்தான்.” பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மாட்டியதும் முள் சரியாகப் பாதியில் வந்து நின்றது. சில நாள் கழித்து எஞ்சினை வெகுநேரம் ஓட்டிப் பார்த்தார். முள் பாதியிலேயே நின்றது. “கண்டியா, முள்ளு அனங்கல்ல. கொஞ்சமாட்டுதான் குடிக்கு,” என்று சந்தோஷப்பட்டார். ஒரு தென்னை ஈர்க்கைத் தொட்டிக்குள் விட்டு அளவு பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் காலை, மறுநடவுக்காக மரம் வெட்டிய ஒரு தோட்டத்திலிருந்து விமானத்தில் மேலே ஏறினார். செல்போனை என்னிடம் தந்திருந்தார். விரலில் காய்ந்திருந்த ரப்பர் பாலைத் துடைக்கலாமென்று பெட்ரோல் துணியை எடுத்துத் தேய்த்தேன். பால் உப்பி, கொழகொழவென்று திரண்டது. பஞ்சர் கடையில் ரப்பரைப் பெட்ரோலில் ஊறப்போட்டுப் பசை செய்வதை எத்தனை தடவை பார்த்தவன் நான்! தொட்டிக்குள் என் வளையமும் இப்படித்தானே உப்பியிருக்கும், மிதவைக் கம்பியைப் பிடித்து நிறுத்தியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன், கத்தினேன். அவர் கையசைத்துக்கொண்டே கடந்துபோனார். அக்கா பக்கத்தில் நின்று சிரித்தாள். அவளிடம் சொல்லாமல் இன்னும் வேகமாகச் சட்டையைச் சுழற்றினேன்.

எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. அந்த அமைதியைப்போல் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை. தென்னைகளுக்கு மேலே சத்தமில்லாமல் சரிந்து வந்து, அறுப்பு முடிந்த வயலில் இறங்கி, சேற்றில் மூக்குக் குத்தி நின்றது விமானம். அத்தானுக்கு நெற்றியில் காயம் மட்டும். தொட்டி மூடியைத் திறந்தார். வளையம் உளுந்துவடையாட்டம் உப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அழுதுகொண்டு ஓடிவந்த அக்காவிடம், “பெட்ரோல் ஊத்த மறந்தாச்சு. எனக்க தப்பு,” என்றார். வளையத்தை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அடித்திருந்தால் தேவலை.

பெட்ரோல் ஆவியாகி அது பழைய அளவுக்கே சுருங்கிவிட்டது. பார்த்தால் ஒரு பாவமும் அறியாததுபோல் இருக்கிறது. விமானம் வெகுகாலம் கொட்டகையிலேயே கிடந்தது. போன வாரம் அத்தான் வந்தார். “மக்கா, அந்த வாஷர் ஒண்ணு வேணும். நீயே போயி வாங்கீட்டு வா.” வளையத்தை அளவுக்கு எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் உறையில் போட்டுக் கொடுத்ததை வழியில் எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அத்தான் கையில் வாங்கினார். அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

“கடைச் சாமானம்தானே?”

“ஆமா அத்தான்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் குரல் நடுங்கியது.